தமிழறியாத தமிழ்ப்பட டைரக்டர்

தமிழில் பேசவோ படிக்கவோ அறியாத ஒருவர் பதினைந்து ஆண்டுகள் இந்நாட்டில் தங்கித் தமிழ்ப் படங்களை டைரக்ட் செய்தார் என்று சொன்னால், இன்றைய இளைஞர்கள் நம்பத் தயங்குவார்கள். அவை ஏனோதானோ என்று எடுக்கப்பட்ட படங்களும் அல்ல. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘அம்பிகாபதி’, எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் ‘சகுந்தலை’, ‘மீரா’ ஆகிய மூன்றும் அவர் கைவண்ணமே. ‘மந்திரி குமாரி’யின் பெரும்பகுதியும் அவர் எடுத்ததுதான். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அந்த அமெரிக்கரின் பெயர் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழக்கமானது. பேரன் பேத்திகளுக்கோ அது எந்த நாட்டுப் பெயர் என்றே தெரியாது. தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நம் போன்றவர்கள் அவரைப் பற்றி அறிந்து கொள்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. அவர் எடுத்த படங்களுள் தலைசிறந்த இரண்டில் ஒன்று கல்கத்தாவில் உருவாயிற்று. மற்றொன்று ராஜஸ்தானத்திலும் பிருந்தாவனத்திலும் படம் பிடிக்கப்பட்டுப் பின்னர் இந்தியிலும் பேசிற்று.

டங்கன் 1909-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துப் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே புகைப்படக் கலையில் மோகம் கொண்டு, கலிபோர்னியா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சினிமாவை ஒரு பாடமாக வைத்துக் கற்பிக்கலாம் என்ற எண்ணமே அப்போது புதிது. 1929-இல்தான் அப்பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியிருந்தது. அங்கே அவருடன் பயின்றவர் மாணிக்லால் டாண்டன் என்ற பம்பாய்ச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. “என்னோடு இந்தியாவுக்கு வா; அங்கே படத்தொழில் வளர்ந்து வருகிறது” என்னும் கருத்தில் டாண்டன் விடுத்த அழைப்பை ஏற்று, 1935-இல் டங்கன் மற்றொரு வகுப்புத் தோழருடன் கப்பலேறினார். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. ஆறு மாதம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர் 1950 வரை இருந்துவிட்டார்.

அன்றைய தமிழ்ப் பேசும்பட உலகின் நிலையைச் சிறிது நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று வழங்கப்படும் ‘காளிதாஸ்’ 1931-இல் பம்பாயில் எடுக்கப்பட்டது. அதற்குப் பின்னும் மூன்று ஆண்டுகள் சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ கிடையாது. 1934-இல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாஸ ஸினிடோனை நிறுவியபின்தான் அக்குறை நீங்கத் தொடங்கியது. அதுவரை நடிகர்களும் பாட்டுக்காரர்களும் பக்கவாத்தியக்காரர்களும் சமையற்காரர்களும் கூட்டங் கூட்டமாய் ரயிலேறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்த்தான் படமெடுத்துத் திரும்பினார்கள். தமிழ் சினிமாவே பிறந்த வீட்டை விட்டு வெளியூரில் வளர்ந்த குழந்தை என்று சொன்னால் தவறில்லை.

படங்களின் தோற்றமும் நாடக மேடையின் தோற்றமே. காமிராவை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பார்கள். நடிகர் அதன் எதிரே வந்து நின்று பாடிவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து பாடுவார். முகத்தில் பூசும் வர்ணம் கொட்டகையின் கடைசி வரிசைக்குத் தெரியும்படி அப்பப்பட்டிருக்கும். காமிரா அருகில் வந்தாலும் அதே பூச்சுத்தான்! ஒரு படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டுக்கள் இருப்பது சர்வ சாதாரணம்.

டாண்டன் அப்போது கே. பி. சுந்தராம்பாளை நந்தனாராக நடிக்க வைத்து ‘பக்த நந்தனார்’ படத்தை எடுத்துக் கொண்டிருந்தார். ஆண் வேடத்துக்கு ஒரு பெண்மணி. அவருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் சம்பளம். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நாடே அதைப் பற்றிப் பேசிற்று. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை என்பது வேறு செய்தி. டங்கன் தமது நண்பருக்கு உதவியாக இருந்து, நம் நாட்டுப் படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதை அங்கேதான் கண்டு கொண்டார். அடுத்து டாண்டனுக்கு ஒரு படம் வந்தபோது, தமக்கு நேரமில்லை என்று கூறித் தோழரின் பெயரைச் சொன்னார். அந்தப் படம் 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’.

கோயம்புத்தூர் மனோரமா பிலிம்ஸ் மருதாசலம் செட்டியார் தயாரித்த அப்படம் குடியின் கேட்டைச் சொல்லுவது. கதை எஸ். எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதியது. கதாநாயகன் எம். கே. ராதா. டி. எஸ். பாலையா, எம். ஜி. ராமச்சந்திரன் ஆகியோரும் ராதாவும் முதன்முதல் வெள்ளித்திரையில் தோன்றியது அதிலேதான். ராமச்சந்திரனுக்குக் கிடைத்தது இன்ஸ்பெக்டர் ரங்கையா நாயுடு என்ற சிறு வேடம். முன்பணமாகக் கிடைத்த நூறு ரூபாய் நோட்டைத் தாம் பார்த்த அனுபவத்தை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தப் படத்தை ஒட்டி நடந்த வழக்கு சுவையானது. ‘பதி பக்தி’ என்ற நாடகத்தைப் படமாக்கி வந்தவர்கள், தங்கள் கதையைத் திருடிவிட்டதாக நீதிமன்றம் ஏறினார்கள். இரண்டு கதைகளும் ஒத்திருந்தன என்பது உண்மையே. ஒத்திருந்ததற்குக் காரணத்தை வாசன் வெளிப்படுத்தினார். இரண்டுமே திருமதி ஹென்றி உட் என்ற ஆங்கில மாது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற நாவலிலிருந்து பிறந்தவை! வழக்கு நிற்கவில்லை. தமிழரென்று நினைத்த கதைக்குத் தாய்வீடு இங்கிலாந்தாக இருக்க, அதை எடுக்க அமெரிக்கர் வந்தது என்ன அதிசயம்?

அவர் வேலை செய்த விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசனங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்கிக் கொள்வார். ஒவ்வொரு காட்சியிலும் யார், யாரிடம், எதற்காக, எந்த மனநிலையில் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டறிந்த பிறகே காமிராவை வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பார். உச்சரிப்பையும் சொல்லழகையும் கவனிக்கும் பொறுப்பு தமிழறிந்த உதவியாளர்களுடையது. காமிராவை நகரச் செய்தார், அண்மைக் காட்சிகளை வேண்டிய இடத்தில் வைத்தார், முகப்பூச்சைக் குறைத்தார், நாடகக் குரலைத் தணிக்கச் சொன்னார். படப்பிடிப்புக்கு முன்பே முழுத் திட்டத்தையும் எழுதி வைத்துக் கொள்ளும் வழக்கத்தை வற்புறுத்தினார். இவை எல்லாவற்றையும் அவர் ஒருவரே தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று எழுதுவோர் உண்டு. நான் அதை ஏற்பதற்கில்லை. ராஜா சாண்டோவும் கே. சுப்ரமண்யமும் அதே காலத்தில் தத்தம் வழியில் முயன்று கொண்டிருந்தார்கள். ஆயினும் பாடம் கேட்டுக் கற்ற ஒருவரின் ஒழுங்கு டங்கனிடம் இருந்தது. காது வேலை செய்யாத இடத்தில் கண் இரட்டிப்பாக வேலை செய்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. சொல் புரிந்தவன் சொல்லில் மயங்கிக் காட்சியை மறந்துவிடுவான். அவருக்கு அந்த மயக்கத்துக்கு வழியில்லை. நடிகனின் முகம் பொருளைச் சொல்லாவிட்டால், அவரைப் பொறுத்தவரை அந்தக் காட்சி ஊமைதான்.

1937-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனி ஸ்டூடியோவில் ‘அம்பிகாபதி’ உருவாயிற்று. சேலம் நகரத்து முதலாளிகள், தமிழ் நடிகர்கள், வங்காளத்து ஸ்டூடியோ, அமெரிக்க டைரக்டர். கதையோ தமிழர் யாவரும் அறிந்த கம்பர் மகனின் காதற்கதை. சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல் பாடினால் இளவரசி அமராவதி கிடைப்பாள். தவறினால் தலை போகும். காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துவிட்டு, நூறு முடிந்தது என்று அமராவதி தலை நீட்ட, அவளைக் கண்ட கவி காதலில் வாய் திறக்க, தொண்ணூற்றொன்பதில் கதை முடிந்து போகிறது. ஓர் எண்ணிக்கைப் பிழையில் உயிர் போகும் இக்கதையின் கொடுமை எந்த நாட்டானுக்கும் புரியும்.

வசனம் எழுத வந்தவர் இளங்கோவன். தணிகாசலம் என்ற இயற்பெயருடைய அவர் ‘மணிக்கொடி’யில் எழுதியவர். காதலர் சந்திக்கும் காட்சிகளுக்காக ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைப் படித்து, வேண்டிய இடங்களைத் தமிழில் இயல்பாக அமைத்துத் தரும்படி அவரிடம் டங்கன் கேட்டுக் கொண்டார். உப்பரிகையில் அமராவதி, கீழே தோட்டத்தில் அம்பிகாபதி என்ற அந்தக் காட்சிக்கு இதுவே மூலம். நாம் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். தமிழ்ப் படங்களில் இலக்கிய மணம் வீசும் வசனம் என்று நாம் போற்றுகிறோமே, அந்த நெடிய மரபுக்கு ஊற்றுக்கண் இளங்கோவன்தான். அவருக்கு இடங்கொடுத்து, “இன்னும் எழுதுங்கள்” என்று தூண்டியவர், அவர் எழுதியதில் ஒரு வரியையும் மூலத்தில் படிக்க இயலாதவர்! தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் முழுமையாக ஒப்படைக்கும் துணிவு எல்லா டைரக்டர்களுக்கும் வாய்ப்பதில்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த டைரக்டர்களே வசனகர்த்தாவின் பேனாவைப் பிடுங்கித் திருத்திப் பாழாக்கிய படங்கள் எத்தனை!

பாபநாசம் சிவனின் பாட்டுக்களும் பாகவதரின் குரலும் சேர்ந்து படம் மாபெரும் வெற்றி பெற்றது. பாகவதரின் ‘சிந்தாமணி’யும் அதே 1937-இல் வெளிவந்தது, இரண்டும் மாதக் கணக்கில் ஓடின.

எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடலாகாது. 1940-இல் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையைக் கவிஞராக நடிக்க வைத்து ‘காளமேகம்’ எடுத்தார். படம் எடுபடவில்லை. சிலேடைப் புலவனின் கதையை, சிலேடையின் இரு பொருளும் காதில் ஏறாத ஒருவர் எடுப்பது கடினமான காரியமே. காதலும் பிரிவும் முகத்தில் தெரியும். ஒரே சொல்லில் பாம்பும் எள்ளும் தோன்றும் விந்தையைக் காமிரா எப்படிக் காட்டும்? மொழியறியாமை அவருக்குத் தடையாகவே இல்லை என்று புகழ்பவர்களுக்கு இந்தப் படம் ஒன்றே பதில்.

அதே ஆண்டில் வந்த ‘சகுந்தலை’ அப்படியல்ல. எம். எஸ். சுப்புலக்ஷ்மி சகுந்தலையாகவும் ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் தோன்றிய அப்படம், சென்னை நியூடோன் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. சங்கீத உலகின் இரு சிகரங்களை ஒரே திரையில் காணும் பேறு ரஸிகர்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. சுப்புலக்ஷ்மி தம் வாழ்நாளில் நடித்தவை நான்கே படங்கள். அவற்றில் இரண்டு டங்கன் எடுத்தவை.

இரண்டாவதுதான் ‘மீரா’. டி. சதாசிவம் தயாரிப்பு, கல்கியின் வசனம், எஸ். வி. வெங்கடராமன் இசை, ராணாவாகச் சித்தூர் வி. நாகையா. 1945 தீபாவளிக்கு வெளிவந்தது. காமிராவைக் கையாண்டவர் ஜிதேன் பானர்ஜி என்ற வங்காளி. படப்பிடிப்புக்கு முன் டங்கன் செய்த ஒரு காரியத்தை அனைவரும் வியந்து சொல்வார்கள். சுப்புலக்ஷ்மியின் தலையை மார்பளவுச் சிலையாகப் பிளாஸ்டர் ஆப் பாரிஸில் வார்க்கச் செய்தார். அந்தச் சிலையின்மேல் பல கோணங்களிலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்தார். எந்த ஒளியில் முகம் துக்கம் காட்டுகிறது, எந்த ஒளியில் பக்தியில் கரைகிறது என்பதை நடிகையை மணிக்கணக்கில் நிற்க வைத்து வாட்டாமலே கணக்கிட்டு வைத்துக் கொண்டார். அப்படத்தில் மீராவின் முகம் உள்ளிருந்தே ஒளி விடுவதுபோல் தோன்றும் காரணத்தைக் கேட்பவர்களுக்கு இந்தச் சிலையின் கதையைச் சொல்லலாம்.

இன்னோர் இடமும் குறிப்பிடத்தக்கது. குழந்தை மீரா கண்ணன்முன் பாடுகிறாள். பாட்டு நடக்கும்போதே வருஷங்கள் உருண்டோடி, அதே பாட்டைப் பருவமடைந்த மீரா தொடர்கிறாள். குழந்தை மீராவாக வந்தது சதாசிவத்தின் மகள் ராதா. ஒருவர் குரலில் தொடங்கியது மற்றவர் குரலில் முடிகிறது. ‘பத்தாண்டுகளுக்குப் பின்’ என்று அட்டையில் எழுதிக் காட்டும் காலத்தில், காலத்தின் ஓட்டத்தை ஒரு பாட்டுக்குள்ளேயே அடக்கிக் காட்டிவிட்டார்கள். நல்ல படத்தொகுப்பு என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் அந்த ஒரு பாட்டைப் பார்த்தால் போதும்.

மீரா வாழ்ந்த இடங்களிலேயே படம் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய சங்கற்பம். ஜெயப்பூர், உதயப்பூர், சித்தூர்க் கோட்டை, பிருந்தாவனம், துவாரகை என்று கோஷ்டி பயணம் செய்தது. உதயப்பூர் சமஸ்தானம் யானைகளையும் குதிரைகளையும் தந்து உதவியது. யுத்தம் முடிந்தும் முடியாத காலத்தில், கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு இருந்த நாளில், இத்தனை தொலைவு சென்று படமெடுத்தது சிறிய காரியமல்ல. திரையில் தெரிகிற ராஜபுதனத்து ஆகாயமும் கோட்டைச் சுவர்களும் தீட்டிய திரைகளல்ல.

பிறகு அதே படத்தை இந்தியில் அமைத்தார்கள். 1947-இல் வெளிவந்த அதில், படத்தின் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றிச் சுப்புலக்ஷ்மியை வடநாட்டு மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். டில்லியில் நடந்த முதற்காட்சிக்கு ஜவாஹர்லால் நேருவும் மௌண்ட்பேட்டன் தம்பதிகளும் வந்தார்கள். தெற்கே இருந்து வந்தவர்களை யெல்லாம் ஒரே பெயரால் ‘மதராஸி’ என்று அழைத்து வந்த வடநாட்டு நகரங்களில், ஒரு தமிழ்ப் பெண்மணி மீராவின் பஜனைகளை அவர்கள் மொழியிலேயே பாடி அவர்கள் கண்களில் நீர் வரவழைத்தார். தலைநகரிலும் பிற ஊர்களிலும் அந்நாளில் குடியேறியிருந்த நம் முன்னோர்களுக்கு அது எவ்வளவு பெருமிதத்தைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம். அதன்பின் சுப்புலக்ஷ்மி நடிப்பை விட்டுவிட்டுச் சங்கீதத்துக்கே தம்மை அர்ப்பணித்தார்.

டங்கனின் கடைசிக் கட்டம் சேலத்தில். டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக அவர் எடுத்த ‘பொன்முடி’ 1950 பொங்கலுக்கு வந்தது. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்ற காவியமே அதன் கதை. காதலர்கள் நெருங்கியிருக்கும் காட்சிகளைக் கண்டு, அமெரிக்கர் நம் பண்பாட்டைக் கெடுக்க வந்துவிட்டார் என்று சிலர் சீறினார்கள். காவியத்தின் பெயரையாவது அவர்கள் ஒருமுறை வாசித்திருக்கலாம். களவையும் கற்பையும் அகத்திணையாக வகுத்த மொழியில் பிறந்தவர்கள், காதலைக் கடல் கடந்து வந்த சரக்காக எண்ணியதுதான் வேடிக்கை.

அவ்வாண்டே ‘மந்திரி குமாரி’. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றாகி, சில செய்யுட்களைத் தவிர மற்றவை அழிந்துபோன குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய படம். தன்னை மலையுச்சியிலிருந்து தள்ள வந்த கணவனைத் தானே தள்ளிவிடும் பெண்ணின் கதை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இன்ஸ்பெக்டர் உடையில் சில நிமிஷங்கள் வந்து போன ராமச்சந்திரன் இதில் தளபதி வீரமோகன், கதாநாயகன். இடையில் ‘மீரா’விலும் ஒரு சிறு வேடத்தில் இருந்தார். ஒரே டைரக்டரின் காமிராமுன் ஒரு நடிகர் படிப்படியாக ஏறி வந்ததை இம்மூன்று படங்களில் காணலாம். கருணாநிதியின் அடுக்குமொழி வசனத்தைச் சிறுவர்கள்கூட மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இளங்கோவனின் பேனாவுக்கு இடங்கொடுத்த அதே மனிதர்தான் இந்தப் பேனாவுக்கும் எதிரே காமிராவை வைத்தார் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. படம் முடியுமுன்பே டங்கன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட, எஞ்சியதைச் சுந்தரம் முடித்தார். டைரக்டர்கள் என்று இருவர் பெயரும் திரையில் வரும்.

ஊர் திரும்பியவரை ஹாலிவுட் மாலையிட்டு வரவேற்கவில்லை. இந்தியக் காடுகளையும் வனவிலங்குகளையும் வைத்துப் படமெடுக்க வந்த அமெரிக்கர்களுக்கு அவருடைய அனுபவம் பயன்பட்டது. மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கர்களும் கூட்டாகத் தயாரித்த ‘தி ஜங்கிள்’ 1952-இல் வெளிவந்தது. பின்னர் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து வீலிங் நகரில் குடியமர்ந்து, தாமே தயாரிப்பாளராகி, செய்திப்படங்களும் விவரணப்படங்களும் எடுத்துக் காலம் கழித்தார். ஆயிரக்கணக்கான கொட்டகைகளில் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் தம் அண்டை வீட்டில் வாழ்கிறார் என்பதை அவ்வூர் மக்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? அங்கே அவர் பேச்சைப் புரிந்து கொண்டார்கள், அவர் படங்களைப் புரிந்து கொள்வார் இல்லை. இங்கே அதற்கு நேர்மாறாக இருந்தது.

1994-இல் அவர் மீண்டும் சென்னைக்கு வந்தார். எண்பத்தைந்தை எட்டிய முதியவரைத் தமிழ்த் திரையுலகினர் பாராட்டிக் கௌரவித்தார்கள். ‘எ கைட் டு அட்வென்ச்சர்’ என்ற அவருடைய தன்வரலாறு 2001-இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி வீலிங் நகரில், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். கரண் பாலி என்பவர் 2013-இல் ‘அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்ற விவரணப்படத்தை எடுத்து அவர் கதையைப் புதிய தலைமுறைக்குச் சொன்னார். ‘அம்பிகாபதி’யையும் ‘சகுந்தலை’யையும் ‘மீரா’வையும் ‘மந்திரி குமாரி’யையும் இன்றும் வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிகிறது. ராமச்சந்திரனின் முதற்படமான ‘சதி லீலாவதி’யின் பிரதி மட்டும் இதுவரை எங்கும் அகப்படவில்லை.